ஏரிக்குப் போனாயா?

ஏப்ரல் 28

அன்புள்ள வாண்டுக்கு,

நாற்பத்தெட்டு வயது ஆளை வாண்டு என்று கூப்பிடுகிறாளே என்று முகம் சுளிக்காதே. அக்காவுக்கு நீ எப்போதும் அதுதான். நானும் மாமாவும் சுகம். உன் முதுகுவலி தேவலையா? சட்டையைத் துவைத்துப் போடுகிறாயா, உதறிப் போடுகிறாயா?

போன வாரம் போனில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? "சாப்பிட்டியாடா?" என்றேன். "சாப்பிட்டேன்கா. இரு, லிஃப்ட்ல ஒரு ஆள் மாட்டிக்கிட்டாரு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாய். அதற்கு முந்தின தடவையும் இதே கதைதான். உங்கள் ஊரில் நான் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் எல்லாரும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. ஆகவே இனி கடிதம். பாதியில் கீழே வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. இன்னொன்று: நீயும் வீட்டு போனுக்குக் கூப்பிட வேண்டாம். மணி அடித்தால் மாமாவுக்குத் தூக்கம் கலைகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போனை எடுத்ததும் நீ சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. "இங்கே நல்ல வெயில்டா" என்றேன். "கோடை வந்துடுச்சாக்கா? கவனிக்கலையே" என்றாய். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் கேட்கிற கேள்வியா இது? ஊரிலேயே வானத்துக்குக் கிட்டத்தில் இருப்பவன் நீ. ஆனால் ஜன்னல் இல்லாத மோட்டார் ரூமில் இருக்கிறாய். இல்லாவிட்டால் லிஃப்ட் குழியின் அடியில் கிடக்கிறாய். நடுவில் உலகம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டாய்.

இது அக்காவின் உத்தரவு. இந்தக் கோடையில் வாரம் ஒரு தடவையாவது, பகல் வெளிச்சத்தில், வெளியே போக வேண்டும். அங்கே குடிபோனபோது "பக்கத்துலயே ஏரிக்கா, நடந்தே போயிடலாம்" என்று பெருமையடித்தாயே, அந்த ஏரிக்குப் போ. போய்ப் பார்த்ததை எழுது. எழுதாவிட்டால் நான் உனக்கு அக்கா இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், முதுகு மட்டும் தனியாக வேறொருவருடைய முதுகு மாதிரி நடந்துகொள்கிறது. நீயும் மாமாவும் நலமா? மாமா இப்போதும் டீயை ஆற வைத்து, அப்புறம் "ஏன் ஆறிப்போச்சு?" என்று கேட்கிறாரா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோடை வந்தால் மோட்டார்கள் சூடாகிப் படுத்துவிடும். வேலைக்கு இருந்த மூன்று பேரில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடுகிறோம் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஆனால் உன் உத்தரவை மீறவில்லை. ஞாயிறு மாலை ஏரிக்குப் போனேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று வெள்ளை அன்னங்கள் வரிசையாக நீந்தின. படகுத்துறைக் கொட்டகையின் சுவரில் சாய்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சூரியன் கொட்டகைக்குப் பின்னால் மெல்ல மெல்ல இறங்கிய அழகைச் சொல்ல வார்த்தை இல்லை. மனம் லேசாகிவிட்டது. நீ சொன்னது ரொம்ப சரி.

மாமாவுக்கு என் வணக்கம். இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி


மே 22

வாண்டு,

சௌக்கியம் எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல். கொட்டகைச் சுவரில் முதுகைச் சாய்த்து, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாய். சூரியனோ கொட்டகைக்குப் பின்னால் இறங்கியது. அந்த அழகை எப்படிப் பார்த்தாய்? ஆந்தை மாதிரி கழுத்தைத் திருப்பினாயா? முதுகில் கண் வைத்துப் பிறந்தாயா? அதனால்தான் முதுகு வலிக்கிறதா?

உன் அக்கா ஆயுசு முழுக்க நிலத்தை அளந்து படம் போட்ட சர்வேயர். போன குளிர்காலத்தில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன் என்றால் திசையும் மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த மூன்று அன்னங்கள் எந்தக் கம்பெனி காலண்டரில் நீந்துகின்றன?

எனக்குக் கோபம் இல்லை. பொய்யாக ஒரு மாலைப்பொழுதை உண்டாக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்த நேரத்தில் ஏரிக்கே போய் வந்திருக்கலாம். அதுதான் வருத்தம்.

போ. போகாமல் எழுதாதே.

நாங்கள் நலம். மாமா டீயை இப்போதும் ஆற வைக்கிறார்.

உன்
அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

காலண்டர்தான். கேபிள் கம்பெனிக்காரன் கொடுத்தது. மோட்டார் ரூம் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் மே மாதம் முழுக்க அன்னம்.

இன்று நிஜமாகவே போய்விட்டு வந்தேன். முதலில் ஒன்று சொல்கிறேன், இங்கே அன்னமே கிடையாது. குருவி அளவில் கறுப்பாக ஏதோ ஒன்று தண்ணீரில் தலையை விட்டு விட்டு எடுக்கிறது. கொட்டகைக்குப் பச்சைப் பெயின்ட், பாதி உரிந்திருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரியெல்லாம் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரே கூட்டம். எல்லாரும் குடும்பம் குடும்பமாக விரிப்பு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வேலைக்குப் போகும் கனத்த ஷூவோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு அம்மா வந்து, "யாராச்சும் வராங்களா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்போ கொஞ்சம் ஓரமா உக்காருவீங்களா?" என்றார். நகர்ந்தேன். அவர்கள் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒருவர் வந்து தன் குடும்பத்தைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் வந்தது. தனியாக வந்தவன் போட்டோ பிடிக்கத்தான் வந்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு குழந்தையின் பந்து என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதன் அம்மா குழந்தையைக் கைப்பிடித்துத் தூரமாக அழைத்துக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்லவில்லை. கனத்த ஷூவோடு ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளை நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

சீக்கிரமே எழுந்து வந்துவிட்டேன். வேலை இருந்தால் தனியாக இருப்பது தெரிவதில்லை அக்கா. வெயிலில் சும்மா உட்கார்ந்தால்தான் தெரிகிறது. பயந்துபோய் எழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்காகவா என்னை அனுப்பினாய்?

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள வாண்டுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இல்லை என்பது தெரிந்தது. ஆனாலும் உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பந்து வந்த இடத்தில் சிரித்தார்.

சும்மா இருப்பதும் ஒரு பழக்கம்தான். முதல் நாள் சைக்கிளில் ஏறியவன் விழாமல் போவானா? அடுத்த தடவை அந்த ஷூவைக் கழற்று. செருப்பு வாங்கிக்கொள். காலைத் தண்ணீரில் வை. கை தன்னால் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இன்னும் வேண்டும். எதிர்க்கரையில் நிற்கும் ஆளின் முகம் தெரிகிறதா, உருவம் மட்டும்தானா? கரை மண் கறுப்பா, செம்மண்ணா? மிதித்தால் உள்ளே போகிறதா? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? தண்ணீருக்கு வாசனை இருக்கிறதா? வெயில் பட்ட கல் எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறது, மேகம் வந்த பிறகு தொட்டுப் பார்.

இதெல்லாம் மாமா கேட்கச் சொன்னார்.

எனக்கென்ன, சுகமாக இருக்கிறேன். எங்கள் கூடத்து ஜன்னலுக்குக் காலையில் வெயில் வரும். நாற்காலியை அங்கே நகர்த்தி உட்கார்ந்துகொள்வேன். அது நகர்ந்தால் நானும் நகர்வேன். சுவரை எட்டியதும் எழுந்து வேலையைப் பார்ப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சொன்னால் நம்பமாட்டாய், முதுகும் நலம். உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி?

என்னோடு வேலை பார்க்கும் வயரிங்காரருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வேலையை நான் பார்க்கிறேன், வியாழன் பிற்பகல் என் வேலையை அவர் பார்க்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஞாயிறு வேண்டும். எனக்குக் கூட்டமில்லாத ஏரி வேண்டும். மேனேஜரிடம் சொன்னபோது, "வியாழக்கிழமை எங்க போறீங்க? டாக்டரா?" என்றார். "ஏரிக்கு" என்றேன். "ஏரிக்கா? அங்க என்ன?" என்றார். "தண்ணி சார்" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

உன் கேள்விகளுக்குப் பதில். எதிர்க்கரை ஆளின் முகம் தெரியாது, ஆனால் கை ஆட்டினால் தெரியும். ஒருவர் ஆட்டினார். எனக்கா, வேறு யாருக்காவதா என்று தெரியவில்லை. நானும் ஆட்டி வைத்தேன். மண் கறுப்பு, கணுக்கால் வரை இழுக்கிறது. காற்று எதிர்க்கரையிலிருந்து வருகிறது, ஈரத் துணி வாசனை. மேகம் வந்து போன பிறகும் கல் சூடாகவே இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொன்ன மாதிரி கைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

படகும் எடுத்தேன். வாடகைக்கு விடும் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒத்த ஆளா? படகு ஒரு பக்கமா சாயுமே" என்றாள். உள்ளே போய் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்து எதிர் இருக்கையில் வைத்தாள். "இவரோட போய்ட்டு வாங்க, தொந்தரவு பண்ணமாட்டாரு" என்றாள். லிஃப்டில் எதிர் எடை வைக்கிற ஆசாமி நான், எனக்கே எதிர் எடை வைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் துடுப்புப் போட்டேன். ஏரியின் நடுவுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி வருவதற்குள் அந்த மூட்டையிடம் இரண்டு மூன்று வார்த்தை பேசிவிட்டேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மூக்கு உரிகிறது. வேலையிடத்தில் எல்லோருக்கும் வேடிக்கை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீ எங்கே போனாய்? காடு மேடெல்லாம் அலைந்தவள், மழை வந்தாலும் குடை பிடிக்கமாட்டாய். உன் கடிதங்களில் ஜன்னலைத் தவிர ஒன்றுமே இல்லையே? மாமாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் இங்கே வா. கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

பதில் எதிர்பார்க்கும்,
தம்பி


ஜூலை 29

அன்புள்ள வாண்டுக்கு,

நலம். பதில் தாமதம். வீட்டில் கொஞ்சம் வேலை.

படகில் போனது நல்லது. நீச்சல் மறக்கவில்லை என்றால் ஒரு நாள் இறங்கியும் பார். இப்போது நாங்கள் வர வசதிப்படாது. அடுத்த கோடைக்குப் பார்க்கலாம்.

மாமா உனக்கு இரண்டு வரி எழுத ஆசைப்பட்டார். கீழே எழுதியிருக்கிறார். நான் படிக்கவில்லை, அது உங்கள் இருவருக்குள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

தம்பிக்கு ஆசிகள். நான் சுகம். நாளை முதல் எனக்குக் காலை டூட்டி, அதனால் நேரத்தோடு படுக்க வேண்டும். உங்கள் அப்பாவின் இருமல் நின்றதா? டாக்டரிடம் காட்டவும், அலட்சியம் வேண்டாம். இங்கே ஒரு அம்மா வேளை தவறாமல் சாப்பாடு போடுகிறார்கள். நல்ல மாதிரி. கதவுதான் எப்போதும் பூட்டியிருக்கிறது. உன் அக்கா அங்கே வந்திருக்கிறாளா? எப்போது திரும்புவாள் என்று கேட்டு எழுதவும்.


ஆகஸ்ட் 2

அக்கா,

உன் கடிதத்தை மோட்டார் ரூமில் நின்றபடி பிரித்தேன். மாமாவின் எழுத்து அப்படியே இருக்கிறது, குண்டு குண்டாக. அதனால் முதலில் எதுவும் தோன்றவில்லை. அப்பாவின் இருமலைப் பற்றிய வரிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்பா போய் எத்தனை வருஷம் ஆகிறது. மாமாதானே முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தார்.

எப்போதிருந்து இப்படி? ஓய்வு வாங்கியது இதற்காகவா? போன் மணி அடித்தால் தூக்கம் கலைகிறது என்றது இதைத்தானா? நீ கடைசியாக வீட்டைவிட்டு எப்போது வெளியே போனாய்?

என்னை ஏரிக்கு அனுப்பிவிட்டு நீ பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மண் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பெஞ்சில் இடம் இல்லை என்று உன்னிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

மேனேஜரிடம் போனேன். "லீவு வேணும் சார்" என்றேன். "எத்தனை நாள்?" என்றார். "இருக்கறதெல்லாம்" என்றேன். "இந்த சீசன்லயா? லிஃப்ட் நின்னா யார் பாக்கறது?" என்றார். "படிக்கட்டு இருக்கு சார்" என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். வயரிங்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வரட்டுமா என்று கேட்கவில்லை. வருகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 7

அன்புள்ள தம்பிக்கு,

மாமா எழுதியதை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன். தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். எழுத முடியவில்லை.

இரண்டு வருஷமாகவே சின்னச் சின்னதாக. சாவியை மறந்தார், கடைக்காரர் பெயரை மறந்தார். எல்லோரும் மறப்பதுதானே என்று இருந்தேன். குளிர்காலத்தில் ஒரு நாள் விடிகாலையில் கண்விழித்தேன், பக்கத்தில் ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. வீட்டுச் செருப்போடு ஓடினேன். பஸ் டிப்போவில் இருந்தார். பழைய யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு, நின்றிருந்த ஒரு பஸ்ஸில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "இறங்குங்க" என்றேன். "கண்டக்டர் இன்னும் விசில் குடுக்கலம்மா, எல்லாரும் ஏறியாச்சா பாருங்க" என்றார். என்னைப் பார்த்து. பஸ்ஸில் ஒருவரும் இல்லை. டிப்போக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் வண்டி ஓட்டப் பழகியவர்கள்.

மறுநாளே கதவுக்குப் பூட்டு போட்டேன். அந்த மாதமே ஓய்வு எழுதிக் கொடுத்தேன். காய்கறி, மருந்து எல்லாம் வீட்டுக்கே வந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை. தெருவே அவரை டிரைவர் சார் என்று கூப்பிட்டுப் பழகியது. அது மாறிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

சில நாள் நான் யாரென்று தெரியும். தெரியாத நாளில் ரொம்ப மரியாதையாகப் பேசுவார். அதுதான் தாங்க முடியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. உன் கடிதம் வரும் நாளில் நான் ஏரிக்கரையில் இருப்பேன். அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வா. உன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வா. ஒரு நாள் உன்னோடு இருந்து எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். அப்புறம் சாவியை என்னிடம் கொடு. நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள வாண்டுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நான் சுகம். மாமா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? இரவில் எழுந்தால் கூடத்து விளக்கைப் போடு, இருட்டைக் கண்டால் பயப்படுவார். குளிக்கத் தண்ணீரைத் தலையில் ஊற்றாதே, தோளிலிருந்து ஊற்று. இதையெல்லாம் சொல்லிவிட்டேன்தான். திரும்பவும் சொல்கிறேன்.

உன் வீட்டைப் பற்றி: ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. வீட்டுக்கு ஒருவர் வந்தால் ஒருவர் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறாயா? இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

வந்த நாள் முழுக்கத் தூங்கினேன். மறுநாள் போகலாம் என்று புடவை மாற்றிக்கொண்டு வாசற்கதவு வரை போனேன். தாழ்ப்பாளில் கையை வைத்ததும் உள்ளே திரும்பிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லா அறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம் மறுபடியும். அன்றைக்குப் போகவில்லை. கோடை பூராவும் உன்னை விரட்டியவள் நான், என்னை விரட்ட ஆளில்லை.

மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் ஏதோ கேட்க மணி அடித்தார். கதவைத் திறந்தேன். பேசிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். நானும் அவர் பின்னாலேயே இறங்கிவிட்டேன். செருப்புகூட போடவில்லை. அப்படியே ஏரிக்கு நடந்தேன்.

தம்பி, மண் கறுப்பு இல்லை. கரும்பழுப்பு. காய்ந்த இடத்தில் சாம்பல். உனக்கு நிறமே தெரியவில்லை. புல்லில் உட்கார்ந்தேன், அப்படியே படுத்துவிட்டேன். ஒரு பெண் தோளைத் தட்டி, "ரொம்ப நேரமா வெயில்ல தூங்கறீங்கம்மா, முகம் வெந்துடும். கூட வந்தவங்க எங்க?" என்று எழுப்பினாள். கூட வந்தவர்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அவர் என்னைத் தேடுகிறாரா?

உன்
அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீ வெயிலில் படுத்தது போதும், தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்.

முதலில் திட்டு வாங்க வேண்டிய விஷயம். கதவைத் திறந்துவிட்டேன். மாமாவின் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தோம். எதிர்வீட்டு டீச்சரம்மா கேட்டில் நின்றிருந்தார். "டிரைவர் சார், எங்க ஆளையே காணோம்? வெளியூர் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றார். மாமா அவரை அடையாளம் தெரியாமல் கும்பிட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் அக்கா. எல்லாவற்றையும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அம்மாவும் கடைசில இப்படித்தான் இருந்தாங்க. உங்கக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எதிர்வீடுதானே" என்றார். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வந்து மாமாவோடு உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார். நீ கோபப்படுவாய். படு. ஆனால் தெருவில் இப்போதும் எல்லோரும் டிரைவர் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீச்சர் முந்தாநாள் வந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார்.

பஸ்ஸிலும் போனோம். டிரைவருக்குப் பின் சீட். ஜன்னலைத் திறந்துவிட்டேன். காற்று முகத்தில் அடிக்க மாமா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவில் எழுந்து, "கியரை மாத்துப்பா, வண்டி திணறுது" என்று கத்தினார். அந்த டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு மாற்றினார். வண்டி சரியாகப் போயிற்று. மாமா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். இப்போது தினமும் போகிறோம். என்னைக் கண்டக்டர் என்று கூப்பிடுகிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் கதவருகே போய்ப் போய் நின்றார். "யாரைப் பாக்கறீங்க மாமா?" என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நிற்கவில்லை. உன்னைக் கேட்கவில்லை அக்கா. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார்.

நீ நிதானமாக வா.

தம்பி


ஆகஸ்ட் 29

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மாமாவும் நலம் என்று படித்தேன். நானும் நலம்தான்.

டீச்சரிடம் சொன்னதற்கு முதலில் பயங்கரக் கோபம் வந்தது. வீட்டு விஷயத்தைத் தெருவில் போட்டுவிட்டானே என்று, வாங்கின புது நாற்காலியைக் காலால் தள்ளினேன். கால்தான் வலித்தது. அப்புறம் கடைசிப் பத்தியைப் படித்தேன். அந்த வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முப்பது வருஷம். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார்.

கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஏரிக்குப் போனேன். கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாளாக அந்தக் கதவுக்குக் காவல் இருந்தது அவருக்காகவா, எனக்காகவா என்று யோசித்துப் பார்த்தேன். வெயில் மட்டும் நன்றாக இருந்தது. வெயில் நன்றாக இருக்கிறதே என்பதற்காக ஒரு பாட்டம் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

பிறகு தண்ணீரில் இறங்கினேன். புடவையோடுதான். கழுத்தளவு போனதும் மல்லாந்து படுத்தேன், உடம்பு மறக்கவில்லை, மிதந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. சத்தமே இல்லை. வீட்டில் தூங்கும்போதும் என் ஒரு காது கதவிடமே இருக்கும். கதவுச் சத்தம் கேட்காத இடத்தில் எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் கிடந்தேன். மேலே வானம் இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வெறும் வானம். விரல் நுனியெல்லாம் சுருங்கும் வரை அப்படியே கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை வருகிறேன். மேனேஜரிடம் நீயே சொல்லிக்கொள். டீச்சரிடம் செவ்வாயும் வெள்ளியும் எனக்குச் சரி என்று சொல். நேரில் வந்து நானும் சொல்கிறேன். நீ ஊருக்குப் போகுமுன் அந்தப் பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போ.

சாப்பாட்டைத் தவறவிடாதே. மாமாவுக்கு என் அன்பைச் சொல். யாருடைய அன்பு என்று கேட்டால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சொன்னால் போதும்.

உன்
அக்கா